தொடங்கியவர் ஓய்ந்தபின்

தொடக்க விழாக்களுக்கு நம்மிடையே குறைவே இல்லை. குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது, கல்வெட்டு திறக்கப்படுகிறது, நன்கொடையாளருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் மூடப்படும் நாளில் கதவில் ஒட்டிய அறிவிப்புத் தாள் ஒன்றைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. அந்நாளின் இழப்பை யார் சுமக்கிறார் என்ற கேள்வி அண்மைக் காலமாக என் உள்ளத்தை அரித்துவருகிறது.

என் பங்கில் மூளை முடக்குவாதத்தோடு பிறந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார்; வயது 26. பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றின் வேன் நாள்தோறும் வந்து அவரை அழைத்துச் சென்றது. கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி, கரண்டி பிடித்து உண்ணும் பழக்கம், வயதொத்தோரின் தோழமை எல்லாம் அங்கே கிடைத்தன. நிதி வரவு நின்றது. ஒரே வாரத்தில் மையமும் நின்றது. இறுகும் தன்மையுள்ள தசைகளுக்குப் பயிற்சி இல்லாமற்போனால், மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே நிலைத்துவிடக்கூடும். அவருடைய இடக்கையும் அவ்வாறே மடங்கிவிட்டது. பூட்டிய கட்டடத்தை மீண்டும் திறந்துவிடலாம். மடங்கிய கையை விரிப்பது எளிதன்று.

அவருடைய தாயார் அறுபதைக் கடந்தவர். மையத்தை அவர் குறை கூறவில்லை. "அவங்களால முடிஞ்ச வரைக்கும் பாத்தாங்க, சாமி. என்னால முடிஞ்ச வரைக்கும் நானும் பாப்பேன். அதுக்கப்புறம்?" என்று மட்டும் வினவினார்.

இக்கேள்வி வசதி குறைந்த நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் சதர்ன் கிராஸ் என்னும் நிறுவனம் ஏறத்தாழ 750 பராமரிப்பு இல்லங்களை நடத்திவந்தது. பெரும்பாலும் முதியோராகிய சுமார் 31,000 பேர் அவற்றில் வாழ்ந்தனர். கட்டடங்களை விற்றுவிட்டு அவற்றிலேயே வாடகைக்கு இருந்து வணிகத்தைப் பெருக்கிய அந்நிறுவனம், வாடகைச் சுமையைத் தாங்க இயலாமல் 2011இல் வீழ்ந்தது. இல்லங்கள் வேறு கைகளுக்கு மாறின. அந்த அனுபவத்திற்குப் பின், இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. பெரிய நிறுவனங்களின் நிதிநிலையைக் கண்காணித்து முன்னெச்சரிக்கை தரும் பொறுப்பு ஓர் ஆணையத்திற்கு அளிக்கப்பட்டது. ஒரு நிறுவனம் நொடித்து அதன் பணி நின்றுபோனால், அதை நம்பியிருந்த முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும், அவர்கள் சொந்தப் பணம் செலுத்தி வந்தவராயினும், உள்ளாட்சி மன்றம் தற்காலிகமாக ஏற்றுப் பேண வேண்டும். நிறுவனம் அழியலாம், பராமரிப்பு அறுபடக் கூடாது என்பதே இதன் பொருள்.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோருக்கென இயற்றப்பட்டது. பெற்றோர் இறந்தபின் அவர்களைப் பேணுவதற்கு வழிசெய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான பாதுகாவலரைப் பெறலாம். நம் மக்களுள் பலர் இதை அறியார்.

ஆயினும் பாதுகாவலரை நியமிக்கும் ஆணை, பேணும் அறிவைத் தந்துவிடாது. எவ்வாறு அமர்த்தி ஊட்டினால் புரையேறாது, எந்த ஒலி தண்ணீரைக் குறிக்கும், வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்கு என்பவையெல்லாம் ஒரு தாயின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர் மறைந்தால் அவையும் மறையும்.

கூரையைப் பிரித்து இயேசுவின்முன் இறக்கப்பட்ட முடக்குவாதமுற்றவரின் நிகழ்ச்சியைக் குருமடத்தில் பயின்றபோது, பாவம் மன்னிக்கும் அதிகாரம் பற்றியே நெடுநேரம் விவாதித்தோம். இன்று என் கவனம் அவரைச் சுமந்துவந்த நால்வர்மீது செல்கிறது. வழியில் ஒருவர் களைத்து விழுந்திருந்தால், அவர் விட்ட முனையைப் பிடிக்க மற்றொருவர் வேண்டும். அவரை முன்னரே ஆயத்தப்படுத்தி வைப்பதும் அன்பின் பணியே அன்றோ?

எங்கள் அன்பியத்தார், அத்தாயார் சொல்லச் சொல்ல அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதினர். மூடிய மையத்தில் பணியாற்றிய இயன்முறைப் பயிற்சியாளர் இரண்டு இளைஞருக்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்தார். இல்லங்களை நடத்துவோருக்கும் இது பொருந்தும். எத்தனை மாத முன்னறிவிப்பு தரப்படும், பதிவேடுகள் யாரிடம் சேரும், அங்குள்ளோரை ஏற்பவர் யார் என்பவற்றை நிறுவனம் நலமாயிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். நன்கொடை அளிப்போர் இவற்றைக் கேட்டறிவது தவறன்று.

அந்த இளைஞரின் கை இன்னும் முழுமையாக விரியவில்லை. நோட்டு நிறைந்துவருகிறது. அதன் கடைசிப் பக்கத்தில் பாதுகாவலரின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். அத்தாயாருடைய தம்பியின் மகள் விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார்.