பெயர் போடாதவளின் அறுபது ஆண்டு

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில்தான் சென்னிகுளம். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் ஊர். முப்பது வயதுகூட நிறையாமல் இறந்துபோனவர். பாடியது கழுகுமலை முருகனை, ஆதரித்தது ஊற்றுமலை ஜமீன் என்று எல்லாமே நமக்குத் தெரியும். அதே காலத்தில், அதே கரிசல்காட்டில் முளைப்பாரிக்குக் கும்மிப் பாட்டு கட்டிய பெண்களில் ஒருத்தி பெயராவது தெரியுமா? பாட்டு இருக்கிறது, ஆள் இல்லை.

போன வருஷம் அம்மன் கொடையில் என் அத்தை கும்மி பாடியதைச் செல்போனில் எடுத்து இணையத்தில் ஏற்றினேன். இரண்டே நாளில் அறிவிப்பு வந்தது. பாட்டின் வரியும் மெட்டும் தங்களுடையவை என்று ஒரு கேசட் கம்பெனி உரிமை கோரியிருந்தது. அத்தையிடம் சொன்னேன்.

“எங்க ஆச்சி பாடுனது. அவளுக்கு அவ ஆச்சி சொல்லிக் குடுத்தது. இதுல எவன் வந்து எம் பாட்டுங்கான்?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வேண்டாம்யா, கேஸு கீஸுன்னு வந்துரும். அழிச்சிரு” என்றாள்.

அந்த இரண்டாவது பேச்சுதான் என்னைச் சட்டம் படிக்க வைத்தது.

பெயர் தெரிந்த எழுத்தாளர் என்றால் கணக்கு எளிது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அவர் இறந்த பிறகு 60 ஆண்டு. 1992 திருத்தத்துக்கு முன்பு 50. பெயர் போடாமல் வெளிவந்த எழுத்துக்கு இறப்பு தெரியாது என்பதால், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு எண்ணுகிறார்கள். 1960இல் பெயரில்லாமல் வந்த பாட்டுப் புத்தகம் 2020 முடிவோடு பொதுச்சொத்து. நடுவில் ஆசிரியர் இன்னார் என்று தெரிந்துவிட்டால், கணக்கு அவர் சாவுக்கு மாறிவிடும். அதுவரை உரிமையாளர் இடத்தில் நிற்பவர் பதிப்பாளர்.

இதில் ஒரு சிக்கல். பெயர் போடாதவர் வேறு, பெயர் தொலைந்தவர் வேறு. முதல் தாள் கிழிந்த பழைய புத்தகத்தில் ஆசிரியர் பெயர் அச்சாகித்தான் இருந்திருக்கும். நம் கையில் அந்தத் தாள் இல்லை, அவ்வளவுதான். அவர் எப்போது இறந்தார் என்று தெரியாமல் எங்கிருந்து எண்ணுவது?

இப்படிக் கண்டுபிடிக்க முடியாத ஆசிரியர்களுக்காகச் சட்டத்தில் 31ஏ என்று ஒரு பிரிவு உண்டு. உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால், நாட்டின் பெரும்பகுதியில் விற்கும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் விளம்பரம் தர வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்து ஆச்சி ஒருத்தியை ஆங்கிலப் பேப்பரில் தேட வேண்டும்! படித்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

பாரதியின் எழுத்துகளை 1949இல் அரசு வாங்கியது, பிறகு மக்களுக்குக் கொடுத்தது. பெயர் இருந்தது, வாரிசு இருந்தார்கள், பணம் கொடுக்க முடிந்தது. கும்மிப் பாட்டுக்கு யாரிடம் கொடுப்பது?

அத்தையிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று உண்டு. அவள் பாடும் கும்மியில் விதை ஊறப்போடுவது வரும், அம்மன் குளிப்பது வரும். திடீரென்று பஸ்ஸும் வரும். பஸ் வந்த பிறகு எவளோ ஒருத்தி அந்த அடியைச் சேர்த்திருக்கிறாள். அத்தையே இரண்டு அடி சேர்த்திருக்கிறாள். கேட்டால், “சும்மா வாயில வந்துச்சு” என்கிறாள். இப்படி வாயில் வந்தவர்கள் எத்தனை பேரோ! கேசட் கம்பெனிக்குத் தன் ஒலிப்பதிவில் உரிமை உண்டு. அதை மறுக்கவில்லை. பதிவு செய்ததனால் மட்டும் பாட்டு அவர்களுடையது ஆகிவிடாது. நா. வானமாமலை போன்றவர்கள் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தார்கள். தொகுத்தவர் என்றுதான் பெயர் போட்டுக்கொண்டார்கள்.

மறுப்பு எழுதி அனுப்பினேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் உரிமைகோரலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

“அப்ப பாட்டு யாருதுன்னு சொன்னாங்க?” என்று அத்தை கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லல அத்தை.”

“சொல்ல மாட்டாக” என்றபடி நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

அந்தக் காணொளியின் கீழே இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: பாடியவர் என் அத்தை. கட்டியவர்கள் பெயர் கிடைக்கவில்லை. பஸ் வரும் அடியைச் சேர்த்தது யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள்.