பிம்ப்ரியில் பள்ளி தேடி

புனே சந்திப்பில் லோணாவளா செல்லும் புறநகர் வண்டியில் ஏறினால், சிவாஜிநகர், கிர்கி, தாபோடி, காசர்வாடி ஆகிய நிலையங்களுக்கு அடுத்து ஐந்தாவதாக வருவது பிம்ப்ரி. 1858ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கண்டாலாவுக்கும் புனேவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்ட காலத்தில், பவனா ஆற்றங்கரையில் இருந்த சிற்றூர் இது. 1947ஆம் ஆண்டு நாடு பிரிக்கப்பட்டபின், சிந்து மாகாணத்தினின்றும் வீடு வாசல் இழந்து வந்த மக்களுக்கு இங்கே முகாம் அமைத்தனர். 1954இல் மத்திய அரசினர் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தை இங்கே நிறுவினர். அடுத்த ஆண்டே பெனிசிலின் மருந்து உற்பத்தியாகத் தொடங்கிற்று. அதன்பின் மோட்டார்த் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிம்ப்ரி, சின்ச்வட் முதலிய ஊர்கள் சேர்ந்த நகராட்சி, 1982இல் மாநகராட்சி ஆயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை 17 இலட்சத்தைக் கடந்துவிட்டது.

பிழைப்புத் தேடி வந்தவர்கள் கூடி உண்டாக்கிய ஊர் என்று இதனைச் சொல்லலாம். அவர்களுள் நாமும் சேர்ந்தவர்களே. கிர்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும், தேகு ரோடு இராணுவப் பண்டகசாலையிலும், இரயில்வேயிலும் பணி செய்த தமிழர் பலர் இப்பாதையின் இருமருங்கிலும் குடியேறியிருக்கின்றனர். இரயில்வே குமாஸ்தா ஒருவரின் குடும்பமாகிய நாங்களும் அவ்வரிசையில் வந்து சேர்ந்தவர்களே.

எங்கள் மகளுக்கு ஆறு வயது நிரம்பும் ஆண்டு இது. ஆகவே பள்ளி தேடிப் பிம்ப்ரியையும் அதன் சுற்றுப்புறங்களையும் ஞாயிறு தவிர்த்த விடுமுறை நாள்களிலெல்லாம் சுற்றி வந்தோம். அவ்வாறு சுற்றியதில் கண்டவற்றை, இதே தேடலில் இறங்கவிருக்கும் அன்பர்களுக்குப் பயன்படுமென்று எழுதுகின்றோம்.

முதலில் நிலையத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று மொழிகள் உள்ளன: மராத்தி, இந்தி, ஆங்கிலம். ஆனால் எழுத்துகளோ இரண்டே. மராத்திக்கும் இந்திக்கும் எழுத்து தேவநாகரியே. மொழிகள் எத்தனை என்று எண்ணுவதைக் காட்டிலும், எழுத்துகள் எத்தனை என்று எண்ணுவதே பெற்றோருக்குப் பயன்படும் கணக்கு என்பது எங்களுக்கு இப்பலகையிலிருந்தே விளங்கிற்று. தேவநாகரியை ஒருமுறை கற்ற குழந்தை மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் மூன்றையும் எழுத்துக் கூட்டிப் படிக்கும். ஆங்கில எழுத்தோ கடைப்பலகை, பேருந்து, கைப்பேசி, பிஸ்கத்து உறை என எங்கும் கண்ணில் படும். தமிழ் எழுத்து மட்டும் இவ்வூரில் எங்கும் இல்லை. வீட்டில் தொங்கும் நாட்காட்டியே எங்கள் மகள் நாள்தோறும் காணும் ஒரே தமிழ்ப் பலகை.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால், சிறிது தூரத்தில் சிந்தி மக்களின் கடைவீதி. துணிக்கடையும் பாத்திரக்கடையும் நெருங்கிக் கிடக்கும். அங்கே எங்களுக்குப் பழக்கமான முதிய வணிகர் ஒருவர் உண்டு. பள்ளி தேடுகின்றோம் என்று கேட்டதும், தம் குடும்பத்தின் கதையைச் சொன்னார். சிந்தி மொழிக்குத் தனி மாநிலம் இல்லை. 1967இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் அதனைச் சேர்த்தனர். எழுதுவதற்கோ அரபி வழி வந்த எழுத்து ஒன்று, தேவநாகரி ஒன்று என இரண்டு வழிகள். “என் தந்தை அந்த எழுத்தில் கணக்கு எழுதினார், நான் வாசிப்பேன், எழுத வராது, என் பேரனுக்கு அது பூ வேலைப்பாடு போலத் தெரிகின்றது” என்றார். அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. பேரன் நன்றாகப் படிக்கின்றான், நன்றாகச் சம்பாதிப்பான். ஆயினும் பாட்டனார் இரும்புப் பெட்டியில் காத்து வைத்திருக்கும் தாள்கள் அவனுக்கு வெறுங் காகிதங்கள்.

கடைவீதியை விட்டுப் பழைய மும்பை நெடுஞ்சாலைக்கு வந்தோம். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பட்ட மெட்ரோ இரயில் இச்சாலையின் மேலே ஓடுகின்றது. அதன் தூண்களிலும் அருகிருந்த சுவர்களிலும் பள்ளி விளம்பரங்கள் நிறைந்திருந்தன. அவற்றுள் பலவற்றில் ‘இன்டர்நேஷனல்’ என்னும் சொல் காணப்பட்டது.

இச்சொல்லின் வரலாறு அறிந்துகொள்ளத் தக்கது. 1924ஆம் ஆண்டு ஜெனீவா நகரில், சர்வதேச சங்கத்திலும் தொழிலாளர் அமைப்பிலும் பணியாற்ற வந்த பல நாட்டவரின் மக்களுக்காக ஒரு பன்னாட்டுப் பள்ளி தொடங்கப்பெற்றது. தந்தை எந்த நாட்டுக்கு மாற்றலாகிப் போனாலும் பிள்ளையின் படிப்பு முறியலாகாது என்பதே நோக்கம். அந்நோக்கத்தை வளர்த்து, 1968இல் அதே நகரில் பன்னாட்டுப் பட்டயக் கல்வி அமைப்பு தோன்றிற்று. அதன் மேல்வகுப்பில், பள்ளியில் ஆசிரியர் இல்லாத மொழியானாலும், மாணவன் தன் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானே பயின்று தேர்வெழுத வழி வைத்திருக்கின்றனர். நாடு நாடாகச் செல்வோர் தம் பிள்ளைகளின் தாய்மொழியை மறக்கவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆனால் பெயரில் அச்சொல்லைத் தாங்கிய பள்ளிகள் யாவும் அக்கல்வியை அளிப்பவை அல்ல. பல பள்ளிகளில் நடப்பது மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டமே. அது குறையன்று, நல்ல பாடத்திட்டந்தான். எந்த வாரியத்தில் இணைந்தது, இணைப்பு எண் என்ன என்பதைக் கேட்டறிந்த பின்னரே கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அத்தகைய பள்ளி ஒன்றினுள் சென்றோம். பளிங்குத் தரை, குளிரூட்டிய அறை. சுவரில் ஐந்து மொழிகளின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் பிரெஞ்சும் ஜெர்மனும் இருந்தன, தமிழ் இல்லை. ஒவ்வொரு மொழியும் வாரத்தில் எத்தனை பாடவேளை என்று இல்லத்தரசியார் வினவினார். ஒரு மொழிக்கு வாரத்தில் ஒரு பாடவேளை என்று விடை வந்தது. வாரம் ஒரு பாடவேளையில் வணக்கம் சொல்லக் கற்கலாம். புத்தகம் படிக்கக் கற்க இயலாது. கட்டணமோ ஆண்டொன்றுக்கு எங்கள் ஐந்து மாத ஊதியம். குழந்தையைத் தனியே அழைத்துச் சோதிக்க வேண்டும் என்றும் கூறினர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதிப்பதையும், நன்கொடை பெறுவதையும் தடை செய்கின்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலாக ஏனையவற்றுக்கு இது பொருந்தும். அன்பர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

அடுத்து நாங்கள் விசாரித்தது தேகு ரோட்டிலுள்ள மத்தியப் பள்ளி. கேந்திரிய வித்யாலயா என்னும் இப்பள்ளிகள், மாற்றலாகும் மத்திய அரசு ஊழியரின் மக்களுக்காகவே 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்டவை. இன்று நாடெங்கும் 1,200க்கு மேல் உள்ளன. இரயில்வே ஊழியரின் குழந்தைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை உண்டு. கட்டணம் குறைவு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறினாலும் பாடம் மாறுவதில்லை. ஆண்டுதோறும் மாற்றல் வரக்கூடிய பணியிலுள்ளோருக்கு இதனினும் பொருத்தமானது வேறில்லை. எங்களுக்கோ இரண்டு தடைகள். மூன்று நிலையம் தாண்டி ஆறு வயதுக் குழந்தை நாள்தோறும் போய்வர வேண்டும் என்பது ஒன்று. தெருவில் வழங்கும் மராத்தியை முறையாகக் கற்க வேண்டுமென்ற எங்கள் விருப்பம் அங்கு முழுதும் நிறைவேறாது என்பது மற்றொன்று.

மராத்தியை வலியுறுத்துவானேன் என்று சிலர் கேட்கலாம். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராட்டிரத்தில் எந்த வாரியத்துப் பள்ளியாயினும் மராத்தி கற்பிக்க வேண்டும். அது சட்டத்தின் வழி வந்த காரணம். வேறொரு காரணமும் உண்டு. ஞானேசுவரர் 1290இல் கீதைக்கு மராத்தியில் உரை பாடி, எளிய மக்களின் மொழியில் ஞானத்தைத் தந்தார். அவர் சமாதி கொண்ட ஆளந்தி இவ்வூருக்கு அண்மையில் உள்ளது. துகாராமர் பிறந்த தேகுவும் அருகேதான். ஆண்டுதோறும் தேகுவிலிருந்து பண்டரிபுரம் செல்லும் துகாராமரின் பல்லக்கு ஆகுர்டியில் இரவு தங்கிப் பிம்ப்ரி வழியே செல்லும். அன்று எங்கள் தெருப் பிள்ளைகள் யாவரும் உடன் நடப்பர். அவர்கள் பாடுவது இன்னதென்று அறியாமல் எங்கள் மகள் ஒதுங்கி நிற்றல் ஆகாது.

இந்தியின் நிலை வேறு. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், முதல் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்கி மாநில அரசினர் ஆணையிட்டனர். கடும் எதிர்ப்பு எழவே, ஜூன் இறுதியில் அதனைத் திரும்பப் பெற்றனர். எங்கள் குடியிருப்பிலோ குழந்தைகள் விளையாட்டிலேயே இந்தி கற்றுவிடுகின்றனர். தெரு இலவசமாகக் கற்பிப்பதற்குப் பள்ளியில் பணம் கட்ட வேண்டியதில்லை.

இனித் தமிழ். 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கின்றது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வருகின்றது. மகாராட்டிர மாநில வாரியத்தின் மொழிப்பட்டியலிலும், மத்திய வாரியத்தின் பட்டியலிலும் தமிழ் இருக்கின்றது. ஆயினும் பட்டியலில் மொழி இருப்பது வேறு. பள்ளியில் ஆசிரியர் இருப்பது வேறு. பிம்ப்ரியில் நாங்கள் ஏறி இறங்கிய பள்ளி எதிலும் தமிழாசிரியர் இல்லை.

தேகு ரோட்டில் ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவரைக் கண்டோம். ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து அவர் தந்தையார் வந்து குடியேறியவர். தம் தங்கை மகளின் திருமண அழைப்பிதழை எடுத்துக் காட்டினார். “தம்பி, பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாத்தா, கல்யாணம் எந்த ஊரில் என்று என்னையே கேட்கின்றான். வீட்டில் தமிழ்தான் பேசுகின்றோம், பேசினால் போதுமென்று இருந்துவிட்டோம்” என்றார். சிந்தி வணிகரின் சொல் அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது.

எங்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. சொந்த விருப்பத்தின்பேரில் தெற்கு இரயில்வேக்கு மாற்றல் கேட்டுப் பதிவு செய்திருக்கின்றோம். பணிமூப்பை இழந்து கடைசி ஆளாகச் சேர ஒப்புக்கொண்டும், முறை எப்போது வருமென்று அறிய வழியில்லை. வந்தால், தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ போய்ச் சேரும் குழந்தை, அங்கே ‘அ, ஆ’விலிருந்து தொடங்க முடியுமா?

இவையெல்லாம் சீர்தூக்கி நாங்கள் தேர்ந்தது, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள, மாநில வாரியத்தைச் சேர்ந்த எளிய ஆங்கிலவழிப் பள்ளி. மராத்தி முதல் வகுப்பிலிருந்தே நாள்தோறும் உண்டு. கட்டணம் தாங்கக் கூடியது. பளிங்குத் தரை இல்லை. விளையாட்டு மைதானமும் சிறிதே. ஆயினும் பேருந்தில் அலையாமையால் மாலையில் ஒரு மணி நேரம் மிஞ்சுகின்றது. அந்த ஒரு மணி நேரமே எங்கள் தமிழ்ப் பள்ளி. இல்லத்தரசியார் மாலையில் ஏற்றுக்கொண்டிருந்த தையல் வேலையைக் குறைத்துக்கொண்டார். அதனால் வரும் வருவாய்க் குறைவையும் பள்ளிச் செலவோடு சேர்த்தே கணக்கிட்டோம்.

வீட்டில் கற்பிப்போருக்கு ஒரு குறிப்பு. தேவநாகரியில் க வரிசைக்கு நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றே. கடல், தங்கம், மகள் ஆகிய சொற்களில் அவ்வெழுத்து வெவ்வேறு விதமாக ஒலிக்கும். நாகரியை முன்னர்க் கற்ற குழந்தை இங்கே தடுமாறும். ஆகவே தமிழ் எழுத்தைப் பள்ளி தொடங்கு முன்னரே, அல்லது உடனாகவேனும், தொடங்கிவிட வேண்டும். 2001இல் தமிழ்நாட்டு அரசினர் தோற்றுவித்த தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் மழலைக் கல்வி முதலான பாடங்களை இணையவழி அளிக்கின்றது. அதுவும் துணையாகும்.

ஊருக்குச் செல்லும் பயணத்தையும் பாடமாக்கலாம். புனேயில் ஏறினால் சோலாப்பூர் வரை பலகைகளில் நாகரி, கலபுரகி, ராய்ச்சூரில் கன்னடம், குண்டக்கல், ரேணிகுண்டாவில் தெலுங்கு, திருத்தணியில் தமிழ். எங்கள் மகள் இவ்வாண்டு கோடை விடுமுறையில் அப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் வகுத்துள்ள திட்டம். அரக்கோணத்தில் காத்திருக்கும் பாட்டிக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது.

பள்ளி தேடும் அன்பர்கள் கேட்க வேண்டுவன நான்கு. எந்த வாரியம்? ஒவ்வொரு மொழிக்கும் வாரத்தில் எத்தனை பாடவேளை? கட்டணத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் செயற்குழு ஒப்புதல் உண்டா? போய்வந்த பின் குழந்தைக்கு மாலையில் எவ்வளவு நேரம் மிஞ்சும்? இந்நான்காவது வினாவுக்குப் பள்ளியார் விடை கூற இயலாது. நாமே ஒருநாள் அப்பாதையில் நடந்து பார்த்து அறிய வேண்டும்.

இன்னொரு விண்ணப்பம். கிர்கி முதல் தேகு ரோடு வரை ஒரே வண்டியில் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் குழந்தைகளை ஓரிடத்தில் கூட்டித் தமிழ் எழுதப் படிக்கச் செய்ய எங்கள் கூடத்தில் இடம் இருக்கின்றது. கரும்பலகை ஒன்றும் வாங்கி வைத்திருக்கின்றோம். பத்துக் குழந்தைகள் வரை அமரலாம். விருப்பமுள்ளோர் சங்கத்தில் பெயர் கொடுப்பாராக.