பொய்க்கவசம்

என் மேசை இழுப்பறையில் மெல்லிய முகக்கவசம் ஒன்று கிடக்கிறது. அணிவதற்காக அன்று, மறவாதிருப்பதற்காகவே அதனை வைத்திருக்கிறேன்.

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஜோகூர் மாநிலத்து மூவார் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். சுமத்திராத் தீவின் ரியாவ் மாநிலத்தில் பற்றியெரிந்த காட்டுநிலங்களின் புகை, மலாக்கா நீரிணையைக் கடந்து எங்கள் ஊர்மீது கவிந்தது. கதிரவன் செப்புக்காசு போல் மங்கித் தெரிந்தான். நான் மருந்துக் கடையில் மெல்லிய முகக்கவசங்களை வாங்கி வந்து மாணவர்களுக்கு வழங்கினேன். "இனி அஞ்ச வேண்டியதில்லை" என்று கூறி, மாலையில் ஓட்டப் பயிற்சிக்கும் அழைத்துச் சென்றேன். ஈளை நோயுள்ள நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், இரண்டாம் சுற்றில் நெஞ்சைப் பிடித்தவாறு திடலில் அமர்ந்துவிட்டான்.

மருத்துவமனையில் மருந்தாவி கொடுத்த பின்னரே அவன் மூச்சு சீரடைந்தது. அங்கு வந்த அவன் தாயார், "நீங்கள் கொடுத்ததைப் போட்டுக்கொண்டுதானே இருந்தான், ஐயா?" என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை, நம்பிக்கையே இருந்தது. அதுவே என்னைச் சுட்டது. சில நாள்களில், ஜூன் 23ஆம் நாள், மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐ எட்டியது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

அதன் பின்னரே நான் கற்கத் தொடங்கினேன். மெல்லிய கவசம் அணிந்தவரின் எச்சில் துளிகளைத் தடுக்கும். அதன் ஓரங்களின் வழியே புகையின் நுண்துகள்கள் தடையின்றி நுழையும். 'என்-95' என்னும் கவசமோ 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையேனும் வடிகட்ட வல்லது. ஆயினும், அது முகத்தோடு இறுகப் பொருந்தினாலன்றிப் பயனில்லை. தாடி அதற்குப் பகை. பெரியவர் முகத்திற்கென அமைந்த அது சிறுவர் முகத்தில் பொருந்துவதில்லை. மூச்சிழுக்கக் கடினமாதலின் ஈளை நோயாளர் மருத்துவரைக் கேட்டே அணிதல் வேண்டும்.

துகள் வேறு, நச்சுவாயு வேறு. 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுவாயுவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. வாயுவைத் துகள்வடி கவசம் தடுக்காது. அவ்வாயுவுக்கென அமைந்த வடிகலன் வேண்டும். தீப்பற்றிய அறையில் அதுவும் உதவாது. வடிகட்டி எதுவும் உயிர்வளியை உண்டாக்குவதில்லை. அங்கே தாழக் குனிந்து வெளியேறுவதே காப்பு.

ஆகவே, எதை அணிவது என்று கேட்பதற்கு முன் எதிலிருந்து காத்துக்கொள்வது என்று கேட்க வேண்டும். தவறான கவசம் காப்பதில்லை என்பதோடு நில்லாது, அஞ்ச வேண்டிய இடத்தில் துணிவையும் தந்துவிடுகிறது. அன்று நான் அச்சிறுவனுக்குக் கொடுத்தது அத்தகைய துணிவையே.

இன்று நான் தலைமையாசிரியன். புகைமூட்ட நாள்களில் முதலில் குறியீட்டைப் பார்க்கிறேன். 100ஐத் தாண்டினால் எங்கள் மாணவர் திடலில் இறங்குவதில்லை. கவசப் பெட்டியைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.