மைக்ரான்: வாங்கலாமா, வேணாமா?

ரெண்டு வாரமா இதே ரோதனைங்க. பொண்ணு காலேஜுக்குன்னு எடுத்து வச்ச பணம் கொஞ்சம் இருக்கு. அதைத் தூக்கி மைக்ரான் பங்குல போடலாமான்னு ஒரு நப்பாசை.

மெமரி சிப்புங்கிறது வெங்காயம் மாதிரி. விலை ஏறினா எல்லாரும் பயிர் போடுவாங்க (இங்க ஆலை கட்டுவாங்க). மொத்தமும் ஒண்ணா சந்தைக்கு வந்ததும் விலை பாதாளத்துக்குப் போயிடும். 2023 நிதியாண்டுல மைக்ரானுக்கு நஷ்டம் சுமார் 580 கோடி டாலர். 2025-ல லாபம் சுமார் 850 கோடி டாலர். ரெண்டே வருஷம்!

இதுல இன்னொரு கூத்து, லாபம் உச்சத்துல இருக்கும்போதுதான் பி.இ. விகிதம் குறைஞ்சு பங்கு மலிவாத் தெரியும். மலிவுன்னு பாய்ஞ்சவன் மாட்டுவான்.

"ஏஐ வந்தாச்சுடா, இந்தத் தடவை வேற"ங்கிறான் நண்பன். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு டிராம் செய்யறது முக்கியமா மூணே பேர்ங்கிறதும் வாஸ்தவம்தான். ஆனா "இந்தத் தடவை வேற"ன்னு யாராவது சொன்னாலே எனக்கு 2000-ம் வருஷம் ஞாபகம் வந்துடுது.

தங்கமணிகிட்ட கேட்டேன். "பாதி போயிடுச்சுன்னா அவ ஃபீஸை எப்படிக் கட்டுவீங்க?"ன்னாங்க. பேச்சே வரலை.

காலேஜ் பணம் ஃபிக்சட் டெபாசிட்டுக்கே போயிடுச்சு. என் போனஸ்ல ஒரு நாலு பங்கு வாங்குவேன். அதுவும் எல்லாரும் மைக்ரானைத் திட்டற காலம் வரட்டும்.