சூர்: மரக்கலம் கட்டிய ஊர்

ஓமான் தலைநகர் மஸ்கட்டிலிருந்து தென்கிழக்கே கரையை ஒட்டியே கடலில் சென்றால் சுமார் 80 கடல் மைலில் சூர் வருகிறது. வழியெல்லாம் வலப்பக்கத்தில் ஹஜர் மலை, புல்பூண்டு இல்லாமல் பழுப்பும் சாம்பலுமாகக் கடல்வரை இறங்கி நிற்கும். மலை பிளந்து ஓடை இறங்கும் இடங்களில் மட்டும் பேரீச்சந்தோப்புகள் தெரியும். அரேபியக் கரையோரம் சொகுசுப் படகில் விடுமுறை என்றாலே நம்மவர்களுக்கு துபாய்தான் நினைவுக்கு வருகிறது. கண்ணாடிக் கோபுரங்களைக் கடலிலிருந்து பார்க்க அது போதும். கடலை நம்பியே வாழ்ந்த ஓர் அரபு ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் சூருக்குத்தான் வர வேண்டும்.

ஊரின் அமைப்பே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். குறுகிய முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே புகுந்து ஒரு கழியாக விரிகிறது. எதிர்க்கரையில் அல் அய்ஜா, வெள்ளை வீடுகளும் கலங்கரை விளக்கமுமாக இருக்கிறது. இரு கரையையும் ஒரு தொங்குபாலம் இணைக்கிறது. ஓதம் வற்றும்போது கழியின் பெரும்பகுதி மணல்திட்டாகி, சிறு படகுகள் சாய்ந்து கிடக்கும். பெருங்கலங்களைக் கரையேற்றிப் பழுது பார்க்க இதைவிட வசதியான இடம் வேறு ஏது? நூற்றாண்டுகளாக இங்கே ‘தௌ’ எனப்படும் அரபுப் பாய்மரக்கலங்கள் கட்டப்பட்டன. தேக்கு மலபாரிலிருந்து வந்தது. பாலைவனத்தில் மரம் ஏது! பஸ்ராவின் பேரீச்சை, கிழக்கு ஆப்பிரிக்காவின் சதுப்புநில மரக்கழிகள், மலபாரின் மரம் என்று பருவக்காற்றின் போக்குக்கேற்ப சூர்க் கலங்கள் சரக்கு சுமந்தன. அடிமைகளையும் சுமந்தன என்பதை மறைக்கக் கூடாது. ஓமானின் ஆட்சியில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபார் 1861இல் பிரிந்து போனது. பிறகு நீராவிக் கப்பல்கள் வந்தன. சூரின் செல்வாக்கு மெல்லக் கரைந்தது.

ஆனாலும் கட்டும் கலை அழியவில்லை. கழிக்கரைப் பட்டறையில் இன்றும் உளிச்சத்தம் கேட்கிறது. தச்சர்களில் பலர் கேரளத்தவர். அருகிலேயே ‘ஃபத்ஹ் அல் கைர்’ என்ற பழைய கலம் நிற்கிறது. இதே ஊரில் கட்டப்பட்டு யேமனுக்குப் போய்விட்டதை, 1990களில் ஊர்க்காரர்கள் பணம் திரட்டி மீட்டு வந்தார்கள். ஒரு படகுக்காக ஊரே இப்படி மெனக்கெட்டது எனக்குப் பெரிய செய்தி. 1980இல் டிம் செவரின் என்ற கடலோடி, சிந்துபாத் காலத்து முறையில் ‘சோஹார்’ என்னும் கலத்தைக் கட்டியதும் இங்கேதான். ஓர் ஆணிகூட அறையாமல், கேரளத்து ஆயினிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். தைக்கும் வித்தை தெரிந்தவர்கள் லட்சத்தீவிலிருந்து வந்தார்கள். அந்தக் கலம் சீனத்தின் கான்டன்வரை போய்ச் சேர்ந்தது. இப்போது மஸ்கட்டில் சாலைச் சந்திப்பு ஒன்றில் காட்சிக்கு நிற்கிறது.

சூருக்குச் சற்று முன்னால் கல்ஹாத். தமிழர் யாரும் இதைப் பார்க்காமல் கடந்து போகலாகாது. ஒரு காலத்தில் ஹோர்முஸ் அரசின் பெருந்துறைமுகம். 1508இல் போர்த்துகீசியர் அல்புகெர்க் அதைக் கொளுத்தினார். இன்று மிஞ்சியிருப்பது பீபி மரியம் கல்லறை மாடமும் இடிபாடுகளும்தான். 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கிருந்து நல்ல குதிரைகள் இந்தியாவுக்கு ஏற்றப்பட்டதை மார்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டிய நாட்டின் காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்திறங்கியதையும், மன்னர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை மடிந்ததையும் அவரே சொல்கிறார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் கதைக்குப் பின்னால் இருந்த வணிகத்தின் மறுகரை இது. தளத்துக்குள் போக அனுமதி உண்டா என்பதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனிப் பயணத் திட்டம். நவம்பர் முதல் மார்ச்வரை போவதே உத்தமம். கோடையில் வெயில் தாங்காது. சூருக்குக் கிழக்கே ராஸ் அல் ஹத் முனையைத் தாண்டினால் தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். 2007 ஜூனில் கோனு புயல் இந்தக் கரையைத்தான் புரட்டிப் போட்டது. சிக்கல் என்னவென்றால், அந்த முனைக்கு அப்பாலுள்ள ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் பச்சை ஆமைகள் மிகுதியாக முட்டையிட வருவதும் கோடையில்தான். குளிர்காலத்திலும் வரும், குறைவாக. ஆமைக்காகக் கடலோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

மாலுமிகளோடு படகை மஸ்கட்டில் அமர்த்துங்கள். எரிபொருள், குடிநீர் எல்லாவற்றையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் இரவுக்கு பந்தர் கைரான். பாறைகள் சூழ்ந்த அமைதியான குடாக்கள், பவளப்பார்கள். அடுத்து திவிக்கு அருகே வாதி ஷாப். கரை திறந்தவெளி என்பதால் கடல் அடங்கியிருந்தால் மட்டுமே அங்கே நங்கூரமிடலாம். இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் பச்சை நீர்க்குளங்களும், நீந்தித்தான் போகக்கூடிய குகையருவியும் உண்டு. பிறகு கல்ஹாத், சூர். சூரில் கழிக்குள் ஆழம் போதாது. பெரிய படகை வெளியே நிறுத்திச் சிறுபடகில் உள்ளே போவதே நல்லது. ராஸ் அல் ஜின்ஸ் ஆமைக் காப்பகத்துக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும், முன்பதிவு தேவை. ஆமையின் முகத்தில் விளக்கடிக்காதீர்கள். ஊருக்குள் தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள்.

ஒரு யோசனை. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து ‘ஷமால்’ காற்று வீசும். போகும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காற்று, திரும்பும்போது முகத்தில் அறையும். படகைச் சூரிலேயே விட்டுவிட்டு, சுமார் 200 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் காரில் மஸ்கட் திரும்பும்படி ஒப்பந்தம் பேசுங்கள். மிச்சமாகும் நாளைச் சூருக்கே கொடுத்து, குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள்.