அறியாமைக்கு ஓர் ஆயத்தம்

தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவனுக்கு ஒரு வசதி உண்டு. என்ன கேட்பார்கள் என்பது ஓரளவு அவனுக்குத் தெரியும். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்கள் துணைக்கு இருக்கின்றன. தெரியாத பகுதியை ஒதுக்கிவிட்டுத் தெரிந்த பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து, மூன்று மணி நேரத்தை எப்படியோ கடந்துவிடலாம். தெரியாததைத் தேர்வாளரின் கண்ணில் படாமல் மறைப்பதும் ஒரு திறமையாகவே கருதப்படுகிறது. பள்ளி தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை பதினாறு பதினேழு ஆண்டுகள் இத்திறமையிலேயே பழகிய ஒருவர், தேர்வே இல்லாத ஓரிடத்திற்குப் படிக்கச் செல்ல நேர்ந்தால், எதற்கு ஆயத்தமாவது என்று திகைப்பது இயல்பே.

நரம்பியல் கோடைப் பயிலரங்குகள் அத்தகைய இடங்கள். மூளையும் நரம்பும் இயங்கும் முறையை அறிய விரும்பும் இளம் ஆய்வாளர்கள் கோடைக் காலத்தில் சில வாரங்கள் ஓரிடத்தில் தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாக உழைத்துப் பயில்கிறார்கள். காலையில் விரிவுரை, பிற்பகலில் ஆய்வுக்கூடம், அது நள்ளிரவு வரை நீள்வதும் உண்டு. முடிவில் பட்டம் இல்லை. எழுதித் தேற வேண்டிய தாளும் இல்லை.

இவ்வகைப் பயிற்சிக்குப் புகழ்பெற்ற ஊர்களுள் ஒன்று உட்ஸ் ஹோல். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் அமைந்த கடலோரச் சிற்றூர் அது. அங்குள்ள கடல்சார் உயிரியல் ஆய்வுக்கூடம் 1888-இல் தோன்றியது. அதன் வேரோ இன்னும் சில ஆண்டுகள் முந்தியது. 1873-ஆம் ஆண்டுக் கோடையில், அருகிலிருக்கும் பெனிகீஸ் என்னும் சிறு தீவில், லூயி அகாசி என்ற இயற்கையியல் அறிஞர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆசிரியர்களும் ஆசிரியைகளும் அத்தீவிலேயே தங்கி, கடலுயிர்களைக் கையில் எடுத்துப் பார்த்துப் பயின்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அகாசி மறைந்தார். அடுத்த கோடையோடு பள்ளியும் முடிந்தது. ஆயினும் அங்குப் பயின்ற சார்லஸ் ஓட்டிஸ் விட்மன் உட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஆனார். அதே தீவில் பயின்ற கொர்னீலியா கிளாப் என்ற ஆசிரியையும் புதிய கூடத்தின் முதற்கோடையிலேயே அங்கு வந்து சேர்ந்தார்.

நூலைப் படிக்காதே, இயற்கையைப் படி என்ற கருத்தமைந்த வாசகம் ஒன்று அகாசியின் பெயரோடு வழங்கிவருகிறது. அவ்வாசகத்தைத் தாங்கிய பலகை உட்ஸ் ஹோலில் வேறெங்கும் இடம்பெறாமல் நூலகத்திலேயே இடம்பெற்றது. வேடிக்கை போலத் தோன்றினாலும் அதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. நூலை நன்கு கற்றவரே நூலுக்கு வெளியே நிற்பது எது என்பதைக் கண்டுகொள்ள முடியும். நரம்பியலின் வரலாறே இதற்குச் சான்று.

மலேசியச் சிங்கப்பூர்ச் சமையலறைகளில் சோத்தோங் என்று பெயர்பெற்ற கணவாய், நரம்பியலாரின் தனி அன்புக்கு உரியது. ஆபத்து வரும்போது உடலைச் சுருக்கி, நீரைப் பீய்ச்சி, ஒரே பாய்ச்சலில் அது தப்பி ஓடும். அந்தப் பாய்ச்சலுக்குரிய கட்டளையைச் சுமக்கும் நரம்பிழை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பருமன் உடையது. மனித உடலின் நரம்பிழைகளோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தொடங்கி, மிகத் தடித்தவையும் இருபது பங்கு அளவிலேயே நின்றுவிடுகின்றன. 1936-இல் ஜே. இசட். யங் இப்பேரிழையை ஆய்வாளர்களின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். கென்னத் கோல் உட்ஸ் ஹோலில் கோடைதோறும் அதனை ஆராய்ந்தார். 1938-இல் அங்கு வந்து அவருடைய ஆய்வைக் கண்ட இங்கிலாந்து இளைஞர் ஆலன் ஹாட்ஜ்கின், மறு ஆண்டு பிளிமத் நகரில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியோடு சேர்ந்து, மெல்லிய மின்முனை ஒன்றை அவ்விழையின் உள்ளேயே செலுத்தினார்.

ஓய்வு நிலையில் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தை விடக் குறைந்த மின்னழுத்தம் உடையது. நரம்புத் துடிப்பின்போது அவ்வேறுபாடு மறைந்து, அழுத்தம் சுழி அளவை எட்டும் என்பதே அன்றைய நூல்களின் கொள்கை. கருவி காட்டியதோ வேறு. அழுத்தம் சுழியைத் தொட்டதோடு நில்லாமல் அதனைத் தாண்டி மேலே சென்றது. நூலறிவு இல்லாத ஒருவர் அக்கோட்டைப் பார்த்திருந்தால், ஏதோ ஏறி இறங்குகிறது என்ற அளவில் விட்டிருப்பார். எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்தவர்களுக்குத்தான், அது நிற்காமல் போனது வியப்பாகப் பட்டது. உலகப்போர் குறுக்கிட்டது. சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதே காரணம் என்ற விளக்கம் பத்தாண்டுகள் கழித்து 1949-இல் வெளிவந்தது. 1952-இல் முழுக் கணிதக் கோட்பாடும், 1963-இல் நோபல் பரிசும் தொடர்ந்தன.

கோடைப் பயிலரங்கிற்குச் செல்பவர் செய்ய வேண்டிய ஆயத்தத்தின் பொருள் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. எதிர்பார்ப்பு தெளிவாக உள்ளவருக்கே எதிர்பாராதது கண்ணில் படும். அறியாமை எல்லோருக்கும் பொது. அதன் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று அறிந்துகொள்வதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

அந்த உழைப்பு விண்ணப்பத்திலேயே தொடங்குகிறது. தன்னைப் பற்றியும் தன் நோக்கத்தைப் பற்றியும் ஒன்றிரண்டு பக்கங்கள் எழுத வேண்டும். ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும். தான் பெற்ற பரிசுகளையும் மதிப்பெண்களையும் அடுக்குவது எளிது. இன்னும் தனக்குப் புரியாதது எது, அதை ஏன் இந்த இடத்தில்தான் கற்க வேண்டும் என்று எழுதுவது கடினம். ஆனால் தேர்ந்தெடுப்போர் தேடுவது அதனைத்தான். ஒரு வகுப்பில் ஏறக்குறைய இருபது பேருக்கே இடம் இருக்கும். இடம் பெற்ற ஒவ்வொருவருக்கும் பின்னால் இடம் பெறாதவர் பலர் இருக்கிறார்கள். தக்க ஆயத்தமின்றிச் செல்பவர் தமது காலத்தை வீணாக்குவதோடு பிறர் அடைந்திருக்கக் கூடிய பயனையும் வீணாக்குகிறார்.

இடம் கிடைத்த பின் வருவது படிப்பு. இங்கே ஒரு மயக்கம் காத்திருக்கிறது. கோலாலம்பூரில் பொறியியல் கற்று மூளை ஆய்வுக்குத் திரும்பிய ஓர் இளைஞரையும், சிங்கப்பூரில் மருத்துவம் கற்று அதே ஆய்வை நாடும் ஒரு பெண்ணையும் எண்ணிப் பார்க்கலாம். பொறியாளர் இரவு உணவுக்குப் பின் புத்தகத்தைத் திறந்தால், அவர் கை தானாகவே கணக்குப் பகுதிக்குச் செல்லும். மருத்துவரின் கை உடற்கூற்றுப் படங்களை நோக்கிச் செல்லும். இருவரும் விடியும்வரை விழித்துப் படித்தாலும், ஏற்கெனவே உயர்ந்த சுவரின் மேல் மேலும் ஓர் அடுக்குச் செங்கல் வைத்தவர்களே ஆவார்கள். பொறியாளர் அணுச்சவ்வின் அமைப்பையும், மருத்துவர் வகைக்கெழுச் சமன்பாட்டையும் படிக்க வேண்டும். அது மனத்துக்கு உகந்த வேலையாக இராது. பல ஆண்டுகள் முதல் வரிசையில் அமர்ந்தவர் திடீரென்று கடைசி வரிசைக்குச் செல்வது போன்ற கூச்சம் அதில் உண்டு. அக்கூச்சத்தை வீட்டிலேயே ஓரிரு மாதங்கள் பழகிக்கொள்வது நல்லது.

ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் வகுத்த சமன்பாடுகள் இப்பழக்கத்திற்கு ஏற்றவை. மின்னழுத்தம் ஒன்று, அயனிகளின் வழி திறப்பதையும் அடைப்பதையும் குறிக்கும் அளவைகள் மூன்று, ஆக நான்கு மாறிகளே அவற்றில் உள்ளன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி அப்போது திருத்தப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கணக்குப் பொறியைக் கொண்டே, வாரக்கணக்கில் உழைத்து விடைகளைப் பெற்றார். இன்று மடிக்கணினி அவ்விடைகளை இமைப்பொழுதில் தருகிறது. விடை விரைவாக வருவதால் விளக்கமும் விரைவாக வந்துவிடுவதில்லை. ஒரே ஒரு எண்ணை மாற்றினால் துடிப்பு என்ன ஆகும் என்று முதலில் தாளில் ஊகித்து எழுதிவிட்டு, அதன் பின் பொறியை இயக்கிப் பார்ப்பவருக்கே, ஊகம் பொய்க்கும் இடத்தில் புதிதாக ஒன்று விளங்கும்.

கையையும் பழக்க வேண்டும். 1976-இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் அணுச்சவ்வின் ஒரு சிறு திட்டைக் கண்ணாடி நுண்குழலால் பற்றி, தனியொரு அயனி வாயிலின் மின்னோட்டத்தை அளந்தனர். 1991-இல் அதற்கு நோபல் பரிசு பெற்றனர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள குழல்முனையை உயிரணுவின் மேல் மெல்லப் பதிக்கும் கலையை எந்த நூலும் முழுமையாகக் கற்பிக்க இயலாது. எனினும் உருப்பெருக்கியின் கீழ் நெடுநேரம் கை நடுங்காமல் உழைக்கவும், நாளில் பத்துமுறை தோற்றாலும் பதினோராம் முறை அமைதியாகத் தொடங்கவும் முன்கூட்டியே பழகலாம்.

இதில் கைத்திறனைக் கடந்த ஒரு கடமையும் அடங்கியிருக்கிறது. ஆய்வு மேசைக்கு வரும் கணவாய் கடலிலிருந்து பிடித்துவரப்பட்டது. தொட்டியில் அது நெடுநாள் வாழாது. மேசைக்கு வந்த பின் அதன் வாழ்வு முடிகிறது. செய்ய வேண்டியதை அறியாமல் தடுமாறும் கையில் அவ்வுயிர் பயனின்றிப் போகும். முந்தைய இரவு செய்முறையைப் படிக்காமல் உறங்கியவர் அதற்குக் கூறக்கூடிய சமாதானம் எதுவும் இல்லை. உயிரைக் கொண்டு பயிலும் கல்வியில் ஆயத்தம் அறத்தின் பகுதியாகிவிடுகிறது.

உடலும் தன் பங்குக்கு ஆயத்தம் கேட்கிறது. உட்ஸ் ஹோலின் கோடைக் கால நேரம் மலேசியச் சிங்கப்பூர் நேரத்திற்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பிந்தியது. இங்கே நள்ளிரவு என்றால் அங்கே நண்பகல். மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி உடலின் கடிகாரமாக இயங்குகிறது. கண்ணில் படும் ஒளியைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவிலேயே அது பெரும்பாலும் நகரும். ஆகவே சில நாள் முன்னதாகச் சென்று சேர்வதும், காலை வெயிலில் கடற்கரையில் நடப்பதும் சோம்பல் ஆகா. நரம்பியல் கற்கச் செல்பவர் முதலில் தம் நரம்புகளுக்குச் செய்யும் மரியாதை அது.

இவை யாவும் முடிந்த பின்னும் ஓர் ஆயத்தம் எஞ்சுகிறது. அது நாவின் ஆயத்தம். ஆசிரியர் பேசும்போது வாய்மூடிக் கேட்பதே பணிவு என்று வளர்க்கப்பட்டவர்கள் பலர். வினா எழுப்பினால் அகந்தை என்று எண்ணுவார்களோ, அறியாமை வெளிப்பட்டு நகைப்பார்களோ என்ற இரண்டு அச்சங்களும் அவர்களைக் கட்டிப்போடுகின்றன. இப்பயிலரங்குகளில் புகழ்பெற்ற அறிஞர்கள் மாணவர்கள் உண்ணும் மேசையிலேயே வந்து அமர்கிறார்கள். அருகில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருப்பவரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு வினாவைக் கேளாமல் விட்டு, ஊர் திரும்பிய பின் அதற்காக மூன்று ஆண்டுகள் நூலகத்தில் அலைய நேரலாம். "இது எனக்கு விளங்கவில்லை" என்ற ஒரு தொடரைத் தெளிவாகவும் தலைநிமிர்ந்தும் சொல்லப் பழகியவர், பயண முன்னேற்பாட்டில் பாதியை முடித்தவர் ஆவார். நன்கு படித்த பிறகு சொல்லும்போது அத்தொடருக்கு ஒரு கண்ணியம் உண்டு. படிக்காமல் சொல்லும்போது அதுவே சோம்பலுக்குப் போர்வையாகும்.

புறப்படும் நாளில் பெட்டியில் ஆடைகளும் மழைச்சட்டையும் மடிக்கணினியும் இடம்பெறும். அவற்றோடு ஒரு சிறு குறிப்பேடும் இருக்கட்டும். அதில் தமக்கு விளங்காதவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் தாம் எதிர்பார்க்கும் விடையையும் எழுதிக்கொண்டு செல்லட்டும். வாரங்கள் கழியும்போது சில வினாக்களுக்கு விடை கிடைக்கும். சில வினாக்கள் தவறாகக் கேட்கப்பட்டவை என்று தெரியவரும். எழுதிவைத்த எதிர்பார்ப்புக்கு மாறாக ஏதேனும் ஒரு வரியில் கோடு ஏறிச் செல்லுமானால், அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இனிவரும் ஆண்டுகளின் உழைப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.