எறும்புக் கடி

நாற்பதைத் தாண்டிய ஆண்கள் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். வெளியே சொல்லக் கூச்சப்படும் சமாச்சாரம் இது.

திருவண்ணாமலையில் இருக்கும் என் மாமாவுக்கு வயது 74. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு ஏறியிருந்ததால் புராஸ்டேட்டில் பயாப்ஸி எடுக்கச் சொன்னார்கள். ஆசனவாய் வழியே விரல் பருமனில் ஒரு ஸ்கேன் கருவியை நுழைத்து, திரையைப் பார்த்தபடி ஊசியால் 10, 12 இடங்களில் துளித் துளியாகச் சதை எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்டேப்ளர் அடிப்பது போல ஒரு 'டப்'.

மாமாவுக்கு முன்னால் போனவருக்கு ஐம்பதுகூட இருக்காது. ஜிம் உடம்பு. அவர் போட்ட அலறலில் எனக்கு வியர்த்துவிட்டது. மாமாவோ வேட்டியைச் சரிசெய்தபடி வெளியே வந்து, ''எறும்புக் கடிடா! வா, காபி சாப்பிடலாம்'' என்றார்.

டாக்டரிடம் கேட்டேன். ''வயசானவங்க தாங்கிடுவாங்க சார். சின்ன வயசுக்காரங்கதான் படுத்துவாங்க!''

பொய்யில்லை. பல ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன. வயது குறைந்தவர்களுக்கு ஆசனவாய்த் தசை இறுக்கமாக இருக்கும். கருவி நுழையும்போதே உயிர் போகும். சதை எடுக்கும் வலிக்கு புராஸ்டேட்டை ஒட்டி லிக்னோகெயின் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யலாம்.

''மாமாவுக்குப் போட்டீங்களா?''

''ஜெல் மட்டும் தடவினோம். பெரியவர்தானே... தேவைப்படலை.''

ராத்திரி அத்தை மெதுவாகச் சொன்னாள்: ''பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாராம்டா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார்.''

ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் உண்டு, வலிக்குக் கிடையாது. அந்த ஆய்வுகளில், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று நோயாளியையே கேட்டுத்தான் குறித்துக்கொள்கிறார்கள். மாமா மாதிரி ஆட்கள் என்ன நம்பர் சொல்வார்கள்? நான் பி.காம். ஆள் சொல்வதை மட்டும் வைத்து எழுதுகிற கணக்கு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதே ஊரில்தான் ரமணர் இருந்தார். இடது கையில் புற்றுக்கட்டி. 1949-ல் மட்டும் நாலு ஆபரேஷன், எழுபதை நெருங்கிய உடம்பில். கையையே எடுத்துவிடலாம் என்றபோது வேண்டாம் என்றார். ஞானிக்கு வலிக்காது என்று நம்பியவர்கள் உண்டு. உடம்புக்கு வலி இருப்பதை அவர் மறைக்கவில்லை என்று கூட இருந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாமாவின் ரிசல்ட் வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. ஆனால், ஆறு மாதத்தில் மறுபடி பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும்; ஏறியிருந்தால் இன்னொரு பயாப்ஸி. அப்படி வந்தால், ''முதல்ல மரத்துப்போற ஊசியைப் போடுங்க'' என்று டாக்டரிடம் நானே சொல்வதாக அத்தையிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

மாமாவுக்குத் தெரியாமல்!